பிறந்த ஊரை மாற்றிச் சொன்ன வீரன்

நமது கோட்டக்குப்பத்திற்குத் தெற்கே, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், 1938-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டது அது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாள் அங்கே மலர் வளையம் வைக்கப்படுகிறது. நினைவுக் கற்கள் ஒரு மனிதன் எப்படி இறந்தான் என்பதைச் சொல்லும். அவன் எந்த மடியில் வளர்ந்தான், யார் கையைப் பிடித்து நடந்தான், எந்த வயதில் அந்தக் கை நழுவிப்போனது என்பதை அவை சொல்வதில்லை.

போரில் மாண்ட ஒருவனின் குழந்தைப் பருவத்தைத் தேடிச் செல்வது, ஆகவே, வரலாற்றில் சற்றுக் கடினமான பயணமே. ஆயினும் அத்தகைய ஒரு பயணத்தை இக்கட்டுரையில் மேற்கொள்வோம். நாம் தேடிச் செல்பவர் பெற்றோரின் ஆதரவை இழந்த ஒரு சிறுவர். கத்தோலிக்க அறப்பணியாளர்களால் கடல் கடந்து அனுப்பப்பட்டவர். இருபத்தைந்தாம் வயதில், போர்க்களத்தில் பெற்ற காயத்தால் மாண்டவர். பெயர் கிளாட் ஜோசப் பேட்ரிக் நன்னி. அவர் தமிழர் அல்லர். நமது நாட்டை அவர் கண்டதுமில்லை. எனினும் கப்பலும் கடலும் பிரிவும் அறிந்த நமது கரையோர மக்களுக்கு அவருடைய கதை அந்நியமானதன்று.

நமது கரையும் அறிந்த துயரம்

1853-ஆம் ஆண்டு மே மாதம் 'ஓரேலி' என்னும் கப்பல் புதுச்சேரியிலிருந்து ஏற்றிச் சென்ற ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின நாளில், அதே கப்பல் குவாதலூப் தீவை அடைந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய எத்தனையோ ஆயிரம் பேர் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அக்கப்பலின் பயணிகள் பட்டியல் இன்றும் உள்ளது. பெயர், வயது, ஊர், உடலிலுள்ள அடையாளம் என்று பத்தி பத்தியாக எழுதப்பட்ட அப்பட்டியலில், சாதி என்னும் பத்தியில் 'கிறிஸ்தவர்' என்று குறிக்கப்பட்டவர்களும் இருக்கின்றனர். சிறு பிள்ளைகளும் இருக்கின்றனர். ஒரு குழந்தையைப் பற்றி உலகம் எழுதிவைத்தது அந்த ஒற்றை வரிதான்.

நம் மக்கள் இவ்வாறு வறுமையால் கப்பலேறிய அதே காலத்தில், நம்மை ஆண்ட பிரித்தானியாவும் தன் ஏழைக் குழந்தைகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஓர் இலட்சம் குழந்தைகள்

தொழிற்புரட்சியால் செழித்த இலண்டன், லிவர்பூல், பர்மிங்காம் நகரங்களின் சந்துகளில் ஆதரவற்ற பிள்ளைகள் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு அரசு காட்டிய வழி 'ஒர்க் ஹவுஸ்' எனப்பட்ட ஏழைகள் விடுதி. அது சிறையைவிடச் சற்று மேலானது, அவ்வளவே. இந்நிலையில், பரந்த நிலமும் குறைந்த மக்கள்தொகையும் உடைய கனடாவுக்குக் குழந்தைகளை அனுப்பினால் அவர்களுக்கு நல்ல காற்றும் உணவும் கிடைக்கும், அங்குள்ள உழவர்களுக்கு உதவிக் கரங்களும் கிடைக்கும் என்ற எண்ணம் எழுந்தது. 1869-ஆம் ஆண்டில் மரியா ரை என்னும் பெண்மணி இப்பணியைத் தொடங்கினார். ஆனி மக்பெர்சன், மருத்துவர் பர்னார்டோ போன்றோர் இதனைப் பெருக்கினர். 1930-களின் இறுதிக்குள் கனடாவுக்கு மட்டும் அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். 'இல்லக் குழந்தைகள்' என்று அவர்கள் அழைக்கப்பட்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் பங்குகொண்டது. 1870-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரின் அருட்தந்தை ஜேம்ஸ் நூஜென்ட் 24 குழந்தைகளைத் தாமே அழைத்துக்கொண்டு கனடாவுக்குக் கப்பலேறினார். அயர்லாந்துப் பஞ்சத்தால் விரட்டப்பட்டு இங்கிலாந்தில் குடியேறிய ஏழைக் கத்தோலிக்கரின் பிள்ளைகள் அரசு விடுதிகளில் தங்கள் விசுவாசத்தை இழந்துவிடுவார்களோ என்ற அச்சம் அன்றைய ஆயர்களை வாட்டியது. கத்தோலிக்கக் குடும்பங்களிலேயே அவர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆவலோடு கத்தோலிக்கக் குடியேற்றச் சங்கங்கள் உருவாயின. அந்த அக்கறை உண்மையானது. அதனை இன்று எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

ஆனால் அக்கறை உண்மையாக இருந்ததால் அதன் விளைவும் நன்மையாகவே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் முழு அனாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடிருந்தும், வறுமையும் நோயும் கைம்மையும் அவர்களை விடுதி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தன. கூடப் பிறந்தவர்கள் வெவ்வேறு பண்ணைகளுக்குப் பிரிக்கப்பட்டனர். பண்ணையில் பிள்ளையாக ஏற்கப்பட்டவர்களும் உண்டு. வேலையாளாகத் தொழுவத்தில் படுத்தவர்களும் உண்டு. 1875-ஆம் ஆண்டிலேயே ஆண்ட்ரூ டாயில் என்னும் அரசு அதிகாரி இதனை நேரில் ஆராய்ந்து, பிள்ளைகளைச் சேர்த்துவிட்டபின் சென்று பார்ப்பாரில்லை என்று கண்டித்து அறிக்கை தந்தார். தத்தெடுப்பு என்றால் என்ன என்பதற்கு, கூலி கொடாமல் வேலை வாங்க ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவருவதுதான் என்று ஒரு சிறுமி விளக்கம் சொன்னதையும் அவர் பதிவு செய்துள்ளார். பெரியவர்களின் நூறு பக்க அறிக்கைகளைவிட அச்சிறுமியின் மறுமொழி நம்மை அதிகமாகத் தைக்கிறது. 1895-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கிரீன் என்னும் சிறுவன் ஒண்டாரியோவின் ஒரு பண்ணையில் பராமரிப்பின்றி இறந்துபோனது கனடா முழுவதும் பேசப்பட்டது. அவனை வேலைக்கு வைத்திருந்த பெண்மீது வழக்கு நடந்தது. நடுவர் குழுவினர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஒட்டாவா இல்லத்திலிருந்து கிளெங்கேரிக்கு

இந்தப் பெரும் பெயர்ச்சியில் ஒரு துளியாகவே நன்னி வந்து சேர்ந்தார். 1892-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் ஸ்டீபன் சார்ஜென்ட் கிளாட் நன்னி. 'சார்ஜென்ட்' என்பது தாய்வீட்டுப் பெயர். சிறு வயதிலேயே பெற்றோரின் ஆதரவை இழந்து, 1905-ஆம் ஆண்டில் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். ஒட்டாவா நகரின் ஹின்டன்பர்க் பகுதியில் அருட்சகோதரிகள் நடத்திவந்த புனித ஜார்ஜ் இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கச் சங்கங்கள் அனுப்பிய பிள்ளைகள் அங்கே சில நாள் தங்கி, பின் அங்கிருந்தே பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் பகிர்ந்து அனுப்பப்பட்டனர்.

நன்னி அனுப்பப்பட்ட இடம் ஒண்டாரியோ மாகாணத்தின் கிழக்கு மூலையிலுள்ள கிளெங்கேரி. அங்கே ஒரு மெக்டொனால்ட் குடும்பம் அவரை ஏற்றது. கிளெங்கேரியின் வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து நிலத்தை இழந்து வெளியேறிய கத்தோலிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்தந்தை அலெக்சாண்டர் மக்டொனெல் தலைமையில் அங்கே குடியேறினர். அவரே பின்னாளில், 1826-இல், கிங்ஸ்டன் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். ஊரிழந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஊரிழந்த ஒரு சிறுவன் ஒப்படைக்கப்பட்டான். அந்நாளைய நூறாயிரம் பிள்ளைகளில் பலருக்கு இப்பேறு வாய்க்கவில்லை.

இராணுவ ஏடுகளில் நாம் காண்பது கிளாட் ஜோசப் பேட்ரிக் நன்னி என்ற பெயரை. ஸ்டீபன் மறைந்துவிட்டார். தாயின் குடும்பப் பெயரும் மறைந்துவிட்டது. யோசேப்பும் பேட்ரிக்கும் அவ்விடத்தை நிரப்பியுள்ளனர். பிறந்த இடம் அயர்லாந்தின் டப்ளின் நகரம் என்று அவர் கூறியிருந்தார். நெடுங்காலம் உலகமும் அவரை டப்ளின்காரர் என்றே நம்பியது. பிற்காலத்தில் பிறப்புப் பதிவுகளே அவரை மீண்டும் ஹேஸ்டிங்ஸ் நகரத்திற்குச் சேர்த்தன.

படையில் சேர்ந்த பிள்ளைகள்

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டது. கனடாவிலிருந்து சென்ற முதல் படையில் பாதிக்கும் மேற்பட்டோர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள். இல்லக் குழந்தைகளாய் வந்தவர்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் அப்போரில் பணிபுரிந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நாட்டுப்பற்றும் இளமைத் துடிப்பும் மட்டும் அவர்களை இழுக்கவில்லை. பண்ணை வேலைக்குக் கிடைக்காத ஒழுங்கான ஊதியம் படையில் கிடைத்தது. அதற்கும் மேலாக, கப்பல் திரும்பிச் செல்லும் திசையில் அவர்களுடைய தாய்நாடு இருந்தது. விடுப்பு நாளில் தாயையோ தங்கையையோ தேடிப் பார்க்கலாம் என்ற ஆசை பலரிடம் இருந்ததை வரலாற்றறிஞர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். வீடு திரும்பக் கிடைத்த ஒரே பயணச்சீட்டு போர் என்றால், அந்த வீட்டின் ஏக்கம் எத்தகையதாய் இருந்திருக்க வேண்டும்!

நன்னி 1915-ஆம் ஆண்டில் ஒட்டாவாவின் 38-ஆவது பட்டாளத்தில் சேர்ந்தார். அப்பட்டாளம் முதலில் பெர்முடா தீவுக்குக் காவல் பணிக்காக அனுப்பப்பட்டு, 1916 ஆகஸ்டில் பிரான்சின் போர்முனையை அடைந்தது.

1917-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாளான திங்கட்கிழமை. விமி மேட்டின்மீது கனடாவின் நான்கு படைப்பிரிவுகளும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து தாக்குதல் தொடுத்தன. பனித்தூறலும் ஆலங்கட்டியும் வீசிக்கொண்டிருந்தன. நான்கு நாள்களில் 3,598 கனடா வீரர்கள் மாண்டனர். காயமுற்றோரையும் சேர்த்தால் இழப்பு பத்தாயிரத்தைத் தாண்டும். அங்கே நன்னி இரண்டு இடங்களில் காயமுற்றார். அவருடைய இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் வீழ்ந்துவிட்டனர். அவரோ துப்பாக்கியையும் குண்டுகளையும் தாமே சுமந்து முன்னேறி, இருநூறுக்கும் மேற்பட்ட எதிரிகளின் தாக்குதலைத் தனியே தடுத்து நிறுத்தினார். பின்னர் மூன்று நாள் பணியில் நீடித்தார். இதற்காகச் சிறந்த பணிக்கான பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் அவியோன் என்னுமிடத்தில் காட்டிய துணிவுக்காக இராணுவப் பதக்கமும் கிடைத்தது.

1918 செப்டம்பர் முதல் நாள். துரோகூர் - கேயான் அரண்வரிசையைத் தகர்க்கும் பெருந்தாக்குதலுக்கு ஆயத்தமாக 38-ஆவது பட்டாளம் வீசாங்-ஆர்த்துவா அருகே நின்றது. எதிரிகள் கடும் பீரங்கிச் சூட்டோடு எதிர்த்தாக்குதல் நடத்தினர். அப்போது நன்னி இருந்தது கம்பெனித் தலைமையிடத்தில். யாரும் ஏவாமலேயே அவர் குண்டுமழையினூடே முன்னணிக் காவல் நிலைகளுக்குச் சென்றார். ஒவ்வொரு நிலையாக நடந்து, அங்கிருந்த தோழர்களுக்குத் துணிவூட்டினார். எதிரிகள் பின்வாங்கினர். மறுநாள் தாக்குதலில் எல்லோருக்கும் முன்னே சென்றவர் படுகாயமுற்றார். செப்டம்பர் 18-ஆம் நாள் இறந்தார். போர் முடிய இன்னும் 54 நாள்களே இருந்தன. பேரரசின் மிக உயர்ந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பட்ட அறிவிப்பு 1918 டிசம்பர் 14-ஆம் நாள் வெளியாயிற்று. இருபத்தாறாம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு வந்த அச்செய்தியைக் கேட்க அவர் இல்லை. அவருடைய உடல் பிரான்சின் ஒபினி கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறது.

போர் நல்லது என்று சொல்ல நாம் இதனை எழுதவில்லை. எதிர்ப்பக்கத்தில் வீழ்ந்தவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. ஏவாமலேயே எழுந்து, நிலைக்கு நிலை சென்று, தனித்து நின்றவர்களின் அருகே போய் நின்றார் அவர். சிறுவனாய்த் தனித்து விடப்பட்ட ஒருவர், பிறர் தனித்து விடப்படுவதைப் பொறுக்காமல் சென்ற நடையாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

இரு பெயர்களின் பொருள்

யோசேப்பு, பேட்ரிக் என்னும் இரு பெயர்களையும் சற்றே சிந்திப்போம். தொடக்கநூலின் யோசேப்பு பதினேழு வயதில் உடன்பிறந்தாராலேயே விற்கப்பட்டு எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அங்கே பார்வோன் அவருக்குப் புதுப் பெயர் சூட்டினான். உயர்ந்த பதவி தந்தான். ஆனாலும் அவர் தம் மக்களுக்கு எபிரேயப் பெயர்களையே இட்டார். சாகும்போது, தம் எலும்புகளைத் தந்தையரின் நாட்டிற்கு எடுத்துச்செல்ல வேண்டுமென்று ஆணையிட்டு வாங்கிக்கொண்டார். பதவியும் பெருமையும் ஒருவனுடைய ஊரை அவன் நெஞ்சிலிருந்து அழிப்பதில்லை.

புனித பேட்ரிக்கும் அத்தகையவரே. அயர்லாந்தின் பாதுகாவலரான அவர் பிரித்தானியாவில் பிறந்து, ஏறக்குறைய பதினாறு வயதில் கொள்ளையரால் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் மந்தை மேய்த்தவர். தம்மை அடிமையாக்கிய நாட்டிற்கே பிற்காலத்தில் நற்செய்தியைக் கொண்டுசென்றவர். ஹேஸ்டிங்ஸில் பிறந்து டப்ளினைத் தன் ஊர் என்று சொன்ன அந்த இளைஞர் வேற்று நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்ட இரு சிறுவர்களின் பெயர்களைத் தாங்கியவராகவே போர்க்களம் சென்றார்.

அவர் ஏன் டப்ளின் என்றார் என்று நீதிமன்றத்தில் கேட்பதுபோல் கேட்பது நமக்கு அழகன்று. பிறந்த ஊர், பெயர், உறவு, போகவேண்டிய நாடு ஆகிய அனைத்தையும் பிறரே முடிவு செய்த ஒரு வாழ்க்கையில், தன்னைப் பற்றித் தானே சொல்லக் கிடைத்த சில சொற்களுள் அதுவும் ஒன்று. அதைப் பொய் என்று சொல்வதைவிட, வேர் தேடிய ஒரு செடியின் முயற்சி என்பதே பொருந்தும்.

மன்னிப்பும் படிப்பினையும்

1924-ஆம் ஆண்டில் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் அம்மையார் தலைமையில் கனடா சென்ற குழு, பள்ளி வயதுப் பிள்ளைகளை உழைப்புக்காக அனுப்புவது தகாது என்று முடிவுகூறியது. அடுத்த ஆண்டே பெற்றோர் துணையின்றி வரும் பதினான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கனடா தடை விதித்தது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் தொடர்ந்தது. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரும், 2010 பிப்ரவரியில் பிரித்தானியப் பிரதமரும் மன்னிப்புக் கோரினர். 2017 பிப்ரவரியில் கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை ஒருமனதாக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அனுப்பப்பட்டவர்களில் மிகப் பலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டிருந்தனர்.

கத்தோலிக்கராகிய நாம் இதனைப் பிறர் கதையாக ஒதுக்கிவிட முடியாது. அனாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பதே தூய சமயவாழ்வு என்று யாக்கோபு நமக்குக் கற்பித்திருக்கிறார். நமது கரையில் அக்கட்டளைக்கு நெடிய சாட்சியம் உண்டு. குளுனி புனித யோசேப்பு சபைச் சகோதரிகள் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தனர். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மறைப்பணி நிலையங்கள் கஞ்சியும் கூரையும் தந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மீனவக் குப்பங்களைச் சூறையாடியபோது, அனாதைகளான பிள்ளைகளைத் தூக்கிச்செல்ல வெளியூர்க் கைகள் பல நீண்டன. அவற்றுள் நல்ல கைகளும் இருந்திருக்கும். ஆயினும் அரசு அவசரத் தத்தெடுப்பை அனுமதிக்காமல், கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பிள்ளைகளுக்கென இல்லங்களை அமைத்தது. எத்தனையோ குடும்பங்களில் தாய்மாமனும் பெரியம்மாவும் பாட்டியும் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டனர். தங்களுக்கே படகும் வலையும் போயிருந்த நிலையில் அவர்கள் அதைச் செய்தனர். நூறு சங்கங்கள் செய்ய இயலாததை அந்த ஓலைக் கூரைகள் செய்தன.

பிள்ளைகளைக் குறித்த முடிவுகளில் பிள்ளைகளின் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை. இந்தியா 1992-இல் அதனை ஏற்றது. விடுதி என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், குடும்பமே முதலிடம் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் நெறி. இவை சட்டமாவதற்கு உலகம் கொடுத்த விலை அந்த ஓர் இலட்சம் பிள்ளைகள்.

சட்டம் சொல்வதைச் செயலாக்கும் இடம் பங்கும் குடும்பமும்தான். மரக்காணம் உப்பளங்களில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளும், தந்தை வளைகுடா நாட்டிலிருக்கப் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் நம் நடுவே உண்டு. ஒரு பிள்ளையை விடுதியில் சேர்க்கும் நாள் வந்தால் முதலில் அப்பிள்ளையிடமே பேசுவோம். அண்ணனையும் தங்கையையும் பிரிக்காமல் சேர்க்க வழி தேடுவோம். சேர்த்தபின் மாதம் ஒருமுறையேனும் சென்று பார்ப்போம். டாயில் கண்ட குறை நம்மிடம் இருக்கலாகாது. திருமுழுக்குப் பதிவேட்டில் தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் பிறந்த ஊரையும் பிழையின்றி எழுதுவோம். கிளாட் நன்னியை நூறு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய தாயிடம் சேர்த்தது ஏட்டில் யாரோ ஓர் எழுத்தர் கவனமாக எழுதிவைத்த ஒரு வரியே. அத்தகைய வரியை எழுதுவதும் இறைவன் முன்னிலையில் ஓர் இரக்கச் செயலே.